பக்கம் அறுபத்தொன்று

ருஸ்தாவி நகர நூலகத்தில்
வியாழக்கிழமை மாலை ஆறு பேர்.
ஒரே ஹீட்டர். அது மக்வாலாவின் காலடியில்.
அவள்தான் கேள்விகள் எழுதி வருகிறவள்.

இந்த வாரப் புத்தகத்தின் அட்டையில்
கோட் போட்ட ஒருவர், காதோரம் நரை,
பின்னால் மங்கலாய் ஒரு பள்ளத்தாக்கு.
சியாத்துராவின் மாங்கனீசுத் தூசியில் பிறந்து
பெர்லினில் பாலங்கள் கட்டுகிறவர்.

"கடினமான பிள்ளைப்பருவத்தை
ஆசிரியர் எப்படி வென்றார்?"
மக்வாலா கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறாள்.
வென்றார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

முதலில் கெட்டில்.
அப்பா சுவரில் வீசியது, பக்கம் பதினெட்டு.
அடக்கிவைத்த கோபத்தின் குறியீடு, என்கிறாள் லாமாரா.
சுரங்கத்தை மூடிவிட்டார்கள் அல்லவா, என்கிறார் ஒத்தார்,
ஓர் ஆணின் வீழ்ச்சி அது.

எனக்குத் தெரிந்து அது அலுமினியம்.
வீசியதில் மூக்கு நசுங்கி
ஊற்றினால் தேநீர் இடப்பக்கமே போகும்.
ஆறு வருஷம்
கோப்பையை இடப்பக்கம் தள்ளிவைத்துக் குடித்தோம்.
சொல்லவில்லை.
இங்கே என் பெயர் கணவன் வீட்டுப் பெயரோடு
பதிவாகியிருக்கிறது.

அடுத்து பசி.
ரொட்டி வரிசையில் விடியவிடிய நின்ற அத்தியாயத்தை
மக்வாலா உரக்கப் படிக்கிறாள்.
நன்றாகப் படிப்பாள்.
"வாக்கியங்கள் குட்டையாவதைக் கவனியுங்கள்,
பசியில் மூச்சு வாங்குகிற மாதிரி."

கவனித்தேன்.
அதற்கு முன்பே வேறொன்றையும் கவனித்திருந்தேன்:
அறுபதாம் பக்கம்வரை எங்கள் வீடு, எங்கள் அடுப்பு,
நாங்கள் தூங்கினோம்.
அறுபத்தொன்றில் நான்.
அந்த "நாங்கள்" எந்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது?

அதுதான் எல்லோருக்கும் பிடித்த பக்கம்.
தொண்ணூற்று மூன்று, ஜனவரி.
பத்து வயதுப் பையன் ரோப்காரில் ஆற்றைக் கடக்கிறான்.
மின்சாரம் போகிறது.
நடுவானில் ஒரு சிவப்புப் பெட்டி,
மூன்று மணி நேரம், தன்னந்தனியாக.
கீழே குவிரிலா கறுப்பாய் ஓடுகிறது.
"அந்தக் கம்பியில் தொங்கியபடி முடிவு செய்தேன்:
யாராவது வந்து இழுப்பார்கள் என்று இனிக் காத்திருக்க மாட்டேன்."

தன் கையே தனக்குதவி, என்கிறார் ஒத்தார்.
கருப்பை, மறுபிறப்பு, என்கிறாள் லாமாரா.
மக்வாலா பலகையில் எழுதுகிறாள்: திருப்புமுனை.

அந்தப் பெட்டியில் நானும் இருந்தேன்.
ஆறு வயது. பூட்ஸின் அடி பிளந்து
காலுறையெல்லாம் பனித்தண்ணீர்.
நுக்ஸார் அதைக் கழற்றினான்,
தன் கோட்டைத் திறந்து சட்டையைத் தூக்கி
என் இரண்டு பாதங்களையும்
வெறும் வயிற்றில் வைத்துப் பொத்திக்கொண்டான்.
முதலில் அலறினான். பிறகு சிரித்தான்.
செத்த மீன் மாதிரி இருக்குடி உன் கால், என்றான்.
மூன்று மணி நேரமும் எடுக்கவில்லை.
நான் இரண்டு தடவை தூங்கியே போனேன்.

இதை ஏன் விட்டான் என்று
பேருந்தில் வரும்போதெல்லாம் அலசியிருக்கிறேன்,
மக்வாலாவைப் போலவே எண் போட்டு.
தனியாக நின்றால்தான் கதை நிமிரும் என்றா?
பதிப்பாளர் வெட்டினாரா?
இல்லை, வயிற்றில் வைத்த கால்களை எழுதினால்
பதினேழு வயதில் அவன் மினிபஸ் ஏறிய விடியலில்
அதே கால்கள் வாசற்படியில் நின்றதை,
உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்ததை,
எழுத வேண்டிவருமே என்றா?

கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம்.
ஆனால் அவன் விட்டது என்னை மட்டுமா?
இருநூற்றுப் பத்துப் பக்கமும் தேடிவிட்டேன்,
கோட்டைத் திறந்த அந்தப் பையனையும் காணவில்லை.

"சியூரி, நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?"
யாரோ ஹீட்டரை என் பக்கம் திருப்புகிறார்கள்.

பெட்டி சிவப்பில்லை, என்றேன். நீலம்.

ஒத்தார் சிரித்தார்: நிறத்தில் என்ன இருக்கிறது,
சிவப்பென்றால் ஆபத்து, அது ஆசிரியரின் உரிமை.

ஆமாம், என்றேன்.
மேசைக்கடியில், யாரும் பார்க்காமல்,
பூட்ஸைக் கழற்றினேன்.