பங்காளி

பிப்ரவரியில் பணம் கட்டினோம்.
வாசல் கதவைப் பனி பிடித்துக்கொண்டிருந்த வாரம்.
காட்டுவதற்கு அவளிடம் ஒரு இலைகூட இல்லை.
இன்னும் விதைக்காத காய்க்கு
முந்நூற்று முப்பது டாலர், அரைப் பங்கு.
மீதி அரை, மாடி வீட்டு லொரெய்ன்.

படிவத்தின் அடியில் ஒரு வரி:
பெய்து கெடுத்தாலும் பெய்யாமல் கெடுத்தாலும்
உங்களுக்கும் அதில் பங்குண்டு.
கையெழுத்துப் போடும்போது சிரிப்பு வந்தது.
எங்கள் பக்கம் பங்காளி என்றால்
ராத்திரியில் வரப்பை ஒரு சாண் தள்ளிவைக்கிறவன்.
அப்பாவும் சித்தப்பாவும்
நாற்பது சென்ட்டுக்கு இருபத்தாறு வருஷம்
வாய்தா வாங்கினார்கள்.
வேலிக்காத்தான் மட்டும் நன்றாக விளைந்தது.

ஜூனிலிருந்து வியாழன்தோறும்
குவெல்ஃபில், தேவாலயத்துக் கார் நிறுத்தத்தில்
ஹென்ட்ரிகாவின் வேன்.
முதல் வாரம் முள்ளங்கி, மண்ணோடு.
அடுத்த வாரமும் முள்ளங்கி.
மூன்றாம் வாரம் நூல்கோல்.
எது மேல், எது கீழ் என்று கேட்டாள் லொரெய்ன்.
அன்று ஒரு நாள் நான் அறிவாளி.
கூட்டு வைத்துக் கிண்ணத்தில் மேலே அனுப்பினேன்;
கிண்ணம் ருபார்ப் ஜாமோடு இறங்கி வந்தது.

அப்படியும் முட்டைக்கோஸைத்
தராசில் வைத்துத்தான் வெட்டினேன்,
கிராம் பிசகாமல்.
ரத்தம் அப்படி.

ஜூலை பதினெட்டு. ஆலங்கட்டி.
பதினோரு நிமிஷம்.
என் கார் கூரையில் நான் பள்ளம் எண்ணிக்கொண்டிருக்க
அங்கே மூன்று ஏக்கர் சல்லடையாகிக்கொண்டிருந்தது.

அந்த வியாழன் பெட்டியில்
மண்ணுக்குள் இருந்ததால் பிழைத்த பூண்டு,
பொத்தல் விழுந்த சுக்கினி இரண்டு.
ஹென்ட்ரிகா யார் முகத்தையும் பார்க்கவில்லை.
எனக்கு முன்னால் நின்றவர்
பணம் திரும்ப வருமா என்றார்.
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.
வாயில் வந்தது வேறு:
நம்ம வயல் இப்ப எப்படி இருக்கு?

இங்கிலீஷில்தான் கேட்டேன்.
அதில் 'நம்ம'வுக்கும் 'எங்க'வுக்கும்
ஒரே சொல்.
அவளுக்கு எது கேட்டதோ,
சனிக்கிழமை ஏழு மணிக்கு
பீன்ஸ் மறுபடி ஊன்றுகிறோம் என்றாள்,
பூட்ஸ் இருந்தால் நல்லது.

அன்றிரவு தராசை எடுக்கவில்லை.
எடுத்து நிறுக்க என்ன இருந்தது,
ஆளுக்கொரு சுக்கினி.

பூட்ஸ் லொரெய்னிடம் இரண்டு ஜோடி இருந்தது.
எனக்கு ஒரு சைஸ் பெரிது.