சாம்பல் என்றால் தெரியாது

மாசி மாதம். இரவு இரண்டு நாற்பது.
குடவாசல் தாண்டி, சோழசூடாமணி ஆற்றின் கரையில்
சாக்குக் கிடங்கு புகைந்துகொண்டிருந்தது.
தீ இல்லை. தீ என்றால் கண்ணுக்காவது தெரியும்.
ஈரச் சணல் உள்ளுக்குள் கனிந்து
ஆறிய கஞ்சிபோல் கெட்டியாக
ஷட்டரின் அடியில் வழிந்தது.

"உள்ளே யாரும் இல்லை" என்றார் கண்காணிப்பாளர்.
பதிவேட்டை விரித்து டார்ச் அடித்துக் காட்டினார்.
பதிவேட்டில் யாரும் இல்லைதான்.

முழங்காலிட்டு ரோபோவை இறக்கினேன்.
சோதனைக்கென்று தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்து
தீயணைப்பு நிலையத்தில் மூன்று வாரம் சும்மா கிடந்தது.
வண்டி ஓட்டும் உப்பிலி அதற்கு
நத்தை என்று பெயர் வைத்திருந்தார்.

லேசர் வாசலிலேயே ஏமாந்தது.
புகையைச் சுவர் என்று வரைந்தது.
சுவர் நகர்ந்தது. அதையும் வரைந்தது.
திரையில் ஒரு வீட்டைக் கட்டி, இடித்து,
மறுபடி கட்டத் தொடங்கியபோது
அணைத்துவிட்டேன்.

ரேடாருக்குப் புகை என்று ஒன்று இல்லை.
அழகாக எதையும் வரையவும் வராது.
கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடும் கை மாதிரி
ஒரு தூண், ஒரு மூலை, மறுபடி அதே தூண்.
கறுப்பு என்றால் ஏதோ இருக்கிறது.
வெள்ளை என்றால் வழி.
சாம்பல் என்றால் தெரியாது.
தெரியாததைத் தெரியாது என்று
அந்த இரவில் சொன்னது அது ஒன்றுதான்.

பதிவேட்டில் ஐந்து அடுக்கு. வரைந்ததில் ஆறு.
ஆறாவதின் பின்னால் எதுவோ ஏறி இறங்கியது,
நிமிடத்துக்கு இருபத்தாறு முறை.

"ஆள்" என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவன் முளைத்தான்.
அதே மூச்சு, அதே வேகம்,
எதிர்ப்பக்கத்தில், தகரச் சுவரை ஒட்டி.

முகமூடிக்குள்ளிருந்து கலியமூர்த்தி கேட்டார்:
"சிலிண்டர்ல பதினெட்டு நிமிசம். எந்தப் பக்கம்?"

ரேடாருக்குத் தகரம் ஒரு கண்ணாடி.
நத்தையை இடப்பக்கம் ஒரு முழம் நகர்த்தினேன்.
ஒருவன் கூடவே நகர்ந்தான்.
இன்னொரு முழம்.
கூடவே வந்தான், விசுவாசமாக.
மற்றவன் கிடந்த இடத்தில் கிடந்தான்.

"வலது பக்கம். ஆறாவது அடுக்கு. தரையோடு தரையா."

பதினோரு நிமிடம்.
எத்தனையோ மூட்டை சுமந்தவர்
இன்னொருவர் தோளில் மூட்டையாக வந்தார்.
வீரையன். லோடுமேன். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
கொசுவுக்குப் பயந்து உள்ளே படுத்தாராம்.
ஆம்புலன்ஸ் கதவு மூடும்முன்
இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே
திரையைக் காட்டச் சொன்னார்.

"இதுல நான் எது?"
புள்ளியின்மேல் விரல் வைத்தேன்.
"அப்ப இது?"
"அதுவும் நீங்கதான். ஆனா இல்ல."
கொஞ்சம் பார்த்தார்.
"இவனுக்கும் சேர்த்துக் கூலி குடுப்பாங்களா?"

விடிந்தது. கொள்முதலுக்கு நெல் டிராக்டர்கள்
வெளியே வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தன.
ஈரப்பதம் பதினேழா, இருபதா என்று யாரோ கத்தினார்கள்.
வரைபடத்தில் வடக்கு மூலை மட்டும் நிரம்பாமல் கிடந்தது.
நத்தை அந்தப் பக்கம் போகவே இல்லை.
நான் போனேன்.

சாம்பல்தான். கணுக்கால் அளவு.
அதில் பாதி புதைந்து ஒரு தூக்குச்சட்டி,
பக்கத்தில் டம்ளர்.
காலால் தள்ளியபோது அடியில்
இன்னொரு டம்ளர்.

வீரையன் அதற்குள் திருவாரூர் போய்ச் சேர்ந்திருப்பார்.
கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.