பதினெட்டு நொடி

பகதூர்கர் தாண்டி மூன்றாவது வேகத்தடையில்
கர்மவீர் வண்டியை மெதுவாக்குவான்.
துப்பட்டாவை நெற்றிக்கு இழுப்பேன்,
பிறகு மூக்குக்கு, பிறகு மோவாய்க்கு.
பதினொரு வருஷம் பழகிய கை.
அந்த மஞ்சள் துணிக்குள்ளிருந்து பார்த்தால்
புகுந்த ஊர் முழுக்க
முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது.

கால்களை வைத்து ஆளைச் சொல்வேன்.
பித்தவெடிப்பில் சாணி என்றால் பெரிய ஓரகத்தி.
மாமனாருக்கு இடது கட்டைவிரல் நகம் கறுப்பு.
எருமை மிதித்த வருஷம்தான் நான் வந்த வருஷம்.
அவர் மூக்கு எப்படி இருக்கும், தெரியாது.
கல்யாணப் படத்தில் தலைப்பாகை நிழலில் அரை முகம்,
பக்கத்தில் நான், நீளமான ஒரு சிவப்புத் துணி.

மற்ற ஆறு நாளும்
தில்லியில் ஒரு பெரிய கண்ணாடிக்குப் பின்னால்
உட்கார்ந்திருக்கிறேன்.
நான்கு பெட்டி, ஆயிரத்துச் சொச்சம் பேர்,
எதிரே வெயிலில் இரண்டு தண்டவாளம்.
மெட்ரோவில் வேலை என்று வீட்டில் சொல்லியிருக்கிறது.
சீட்டுக் கொடுக்கிறாள் என்று அவர்களுக்கு நினைப்பு.
கர்மவீர் திருத்தவில்லை.
நானும்தான்.

செவ்வாய்க்கிழமை. முண்ட்கா நிலையம்.
முதல் பெட்டி பெண்களுக்கு என்று தெரியாமல்
ஒரு கிழவர் வந்து நிற்கிறார்,
எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்தபடி.
காவலாளி விரட்டுகிறான்: பின்னால போங்க, பின்னால.
வெள்ளை மீசை. சண்டைக்கார மூக்கு. தெரியாத முகம்.
கதவை மூடும் பொத்தான்மேல் என் விரல்.
அப்போதுதான் ரப்பர் செருப்பைப் பார்த்தேன்.
கறுப்பு நகம்.

அவரும் நிமிர்ந்து பார்த்தார்,
சீருடையை, கொண்டையை,
அவரால் படிக்க முடியாத 'சுதேஷ்' என்ற பெயர்ப்பட்டையை,
வழி தெரியாத ஊரில்
யாரையும் பார்க்கிற மாதிரி.
என் கை தானாகத் தலைக்குப் போயிற்று.
அங்கே ஒரு கொண்டை ஊசிதான் இருந்தது.

கட்டுப்பாட்டு அறை கேட்டது, ஏன் நிற்கிறீர்கள்?
ஒரு பயணி ஏறுகிறார் என்றேன்.
ஓடிப் பழகாத கால்கள் ஓடி
இரண்டாம் பெட்டிக்குள் மறைந்தன.
அங்கிருந்து இந்தர்லோக் வரை
ஒரு வளைவில்கூட வண்டி குலுங்கவில்லை.
பரீட்சையன்றுகூட நான் அப்படி ஓட்டியதில்லை.

ஞாயிறு. அடுப்படி. துணிக்குள் வியர்வை.
கயிற்றுக் கட்டிலிலிருந்து, ஹூக்காப் புகையோடு:
'அந்த ரயிலை ஒரு பொண்ணு ஓட்டுறா.
எனக்காகக் கதவைப் பிடிச்சு வெச்சா,
அஞ்சு நொடி இருக்கும்.
மோர்ப்பானையைத் தலையில வெச்சுக்கிட்டுப்
போற மாதிரி போனா.
யார் வீட்டுப் பொண்ணோ.'

ரொட்டி ஒன்று கருகியது.
இந்த வீட்டில் அவர் முன் நான் பேசியதே இல்லை.
வாயைத் திறந்தால்
கதவுகள் வலப்பக்கம் திறக்கும் என்கிற
அந்தக் குரல்தான் வந்தது.

'அஞ்சு இல்லை. பதினெட்டு.'

ஹூக்காவின் குடுகுடு நின்றது.
மாமியாரின் கால்கள் அசையவில்லை.
கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவி நுழைத்துக்கொண்டு
இரண்டு பாதங்களும் மெதுவாக
என் பக்கம் திரும்பின.