குறுக்குக் குழாய்

முதலில் ஒரு குழாய்தான் இருந்தது.
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இம்பாலா,
எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நாலு.
எட்டின் மூச்சும் வயிற்றுக்கடியில் ஒன்றாகி
வலது பின்சக்கரத்தோரம் வெளியேறும்.
அந்த ஒன்றையும் கீழக்கரை உப்புக்காற்று
அப்பளமாக்கி வைத்திருந்தது.
மண்டபம் வரை கதறிக்கொண்டே வந்தது வண்டி.
விரலால் தட்டினேன், சைலன்சர் உதிர்ந்தது.

வீடு பிரித்தாயிற்று, கிட்டங்கி பிரித்தாயிற்று,
தோப்பின் நடுவே கம்பிவேலி.
காரை மட்டும் அறுக்க முடியவில்லை.
ஒற்றைப்படை மாதம் சேகு நூர்தீனுக்கு,
இரட்டைப்படை மாதம் தம்பி அசன் கனிக்கு.
மூன்று வருஷமாகப் பேச்சில்லை.
தனித்தனியே ஆள் விட்டுச் சொன்னதில்
ஒத்துப்போனது இவ்வளவுதான்:
ரெண்டு குழாய் போடு.
ரெண்டு பில் எழுது.

நான் லாஞ்சு வெல்டர்.
படகில் புகைக்குழாய் வானம் பார்க்கும்,
யாரும் குனிய வேண்டாம்.
காருக்குக் குழி வேண்டும்.
மரியானும் நானும் தோண்டினோம்,
மூன்றடியில் ஈரம், நாலடியில் ஊற்று.
பனந்தடி இரண்டைப் போட்டு வண்டியை ஏற்றி
கணுக்கால் தண்ணீரில் நின்று அண்ணாந்தேன்.
"கரண்டு வெல்டிங் வேண்டாம், கேஸ்லயே ஒட்டு" என்றான் மரியான்.
அவனுக்குச் சித்திரையில் கல்யாணம்.

அடிச்சட்டம் பெருக்கல் குறி.
சத்தியமாக. முன்னே இரண்டு கை, பின்னே இரண்டு கால்,
நடுவில் ஒரு முடிச்சு.
வகுத்துக்கொண்டவர்களின் வண்டிக்குக் கீழே
இதை எவன் போட்டு வைத்தான் என்று சிரித்துவிட்டேன்.
வாய்க்குள் துரு விழுந்தது.

போல்ட் ஆறில் மூன்று வந்தன,
மூன்று முறிந்தன.
டீசலில் இரவெல்லாம் ஊறப்போட்டு,
சிவக்கக் காய்ச்சி, தட்டி,
பெண்டாட்டியிடம் கேட்காத மன்னிப்பெல்லாம் கேட்டு
ஒன்றை எடுத்தேன்.
மற்றதைத் துளைபோட்டேன்.
குழாய் வளைக்க மிஷின் இல்லை.
மணல் அடைத்துக் காய்ச்சினால் நெளியாமல் வளையும்,
ஆனால் ஈர மணல் வெடிக்கும்.
இத்தனை கடற்கரையை வைத்துக்கொண்டு
கடலைக்காரியிடம் சட்டி இரவல் வாங்கி
மணலை வறுத்தோம்.

இடது ஓடியது. வலது ஓடியது.
சாவி திருப்பினால்
ஒருபக்கம் இருமல், ஒருபக்கம் விக்கல்.
எட்டும் முறை வைத்து மாறி மாறி வெடிப்பதில்லை,
சிலசமயம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு.
அந்தப் பக்கம் திணறும்போது
இந்தப் பக்கம் சும்மா கிடக்கும்.
நடுவே ஒரு முழத் துண்டு போதும், நெரிசல் போய்வர.
ஆள் விட்டுக் கேட்டேன்.
அண்ணன் வீட்டிலிருந்து: வேண்டாம்.
தம்பி வீட்டிலிருந்து: வேண்டவே வேண்டாம்.

போட்டேன்.
முடிச்சுக்கு அடியில்தான் இடம் இருந்தது, கொஞ்சம் தாழ்வு.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு வந்தார்கள்,
ஆளுக்கொரு ஆட்டோவில்.
மரியான் ஸ்டார்ட் செய்தான்.
பாம்பன் பாலத்தில் ரயில் ஏறும் முன்
தண்டவாளம் உள்ளுக்குள் முனகுமே, அது.
"ரெண்டுலயும் சமமா வருதான்னு கை வச்சுப் பாருங்க."
வெள்ளைச் சட்டைகள் மணலில் குந்தின.
ஆளுக்கொரு குழாய், ஆளுக்கொரு உள்ளங்கை.
புதுக் குழாய் கரித்தண்ணீர் துப்பியது,
இருவர் கைலியிலும் பொட்டு பொட்டாக.
எழுந்திருக்கவில்லை.
வெகுநேரம் கழித்து
தம்பி, குழாயைப் பார்த்தபடியே:
"காக்கா, அங்கிட்டு அடிக்குதா?"

"ம்."

கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை.
இரண்டு ஆட்டோவுக்கும் வெயிட்டிங் ஏறிக்கொண்டிருந்தது.

இடது பில் தீர்ந்தது. வலது பில் தீர்ந்தது.
குறுக்குத் துண்டு, எண்ணூற்று நாற்பது ரூபாய்,
யார் கணக்கு என்று இன்னும் முடிவாகவில்லை.
பெரியபட்டினம் வேகத்தடையில்
ஒவ்வொரு தடவையும் உரசுகிறதாம்,
ஒற்றைப்படை மாதமும், இரட்டைப்படை மாதமும்.
அறுத்துவிடு என்று
ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை.