நோக்கம்

இரவு ஷிப்டு முடிந்து,
செம்பனை ஆலையின் புகைவாடை சட்டையிலிருக்க
மாவட்ட மன்றத்துக் கவுண்டரில் நிற்கிறேன்.
நாய் லைசென்ஸ். பத்து வெள்ளி.
பாரத்தில் நான்காவது கேள்வி:
எதற்காக வளர்க்கிறீர்கள்?

பேனா நின்றுவிட்டது.

பகாவில் நாய் என்றால்
சங்கிலியில் கிடந்து குரைக்கும் வேலைக்காரன்.
கோழிக் கொட்டகைக்கு ஒன்று,
லோரி நிறுத்தும் இடத்துக்கு ஒன்று,
இடிபடாத பழைய லயத்தில்
யாரும் அழைக்காமல் வந்து சேர்ந்தவை ஏழெட்டு.
இவளோ நாலு கிலோ.
மூக்கு உள்ளே போய், பல் ஒன்று வெளியே வந்து,
துடைப்பத்தைக் கண்டால்
சுவரோடு சுவராகிறவள்.

"இது என்னாண்ணே, பூனையா?"
ஒட்டுக்கடை பரஞ்சோதி கேட்டான்.
"ஜாகா வேலை பாக்குறவரு வீட்டுக்கு
ஜாகா பாக்கத் தெரியாத நாயா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
தே தாரேக் ஆறிப் போயிருந்தது.

சிரம்பானில் ஒரு கடைவீட்டு மேல்மாடி.
குட்டி விற்றுப் பிழைத்தவன்
வாடகை பாக்கியோடு ஓடிய பிறகு
பூட்டை உடைத்து இருபத்தாறை எடுத்தார்கள்.
எஞ்சியதை வேனில் கொண்டுவந்த மிஸ் ஊய்
மலாயில் சொன்னார்:
வயது ஆறோ ஏழோ. எத்தனை ஈற்றோ தெரியாது.
பெயர் இல்லை. கூண்டில் எண் இருந்தது.

குட்டிதான் வேண்டுமென்று வந்தவள் தவமலர்.
வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.
வெகுநேரம் பேசவில்லை.
பின் என் பக்கம் திரும்பாமலே,
"பால் கட்டியிருக்கு, பாத்தீங்களா?"

கோலப்பிலா ஆஸ்பத்திரியிலிருந்து
பதினோரு வருடத்துக்கு முன்
வெறுங்கையோடு பஸ்ஸேறியபோதும்
இதே குரல்தான்.
நான் பையெழுத்துப் போட்டேன், மிஸ் ஊய் நீட்டிய தாளில்.
கையெழுத்து என்று எழுத வந்தேன்.
கை அன்று நடுங்கியது.

வாசல் புல்லில் இறக்கிவிட்டோம்.
முன்னங்காலை வைத்தாள். எடுத்தாள்.
சுடுகிறதென்று நினைத்தாளோ என்னவோ,
கம்பிவலையிலேயே நின்று
விரல் விரிந்துபோன அந்தக் கால்.
தவமலர் செருப்பைக் கழற்றினாள்,
பக்கத்தில் போய் நின்றாள்.
இரண்டு பேரும் கால்மணி நேரம்
நின்றார்கள், சும்மா.
வேலிக்கு அந்தப் பக்கம் பாக் சமாட்
செடிக்குப் பிடித்த குழாயை மூடிவிட்டுப் பார்த்திருந்தார்.
கிட்டே வரமாட்டார், தொடவும் மாட்டார்.
ஆனால் மறுநாளிலிருந்து
தெருமுனையிலேயே மோட்டாரை அணைத்து
வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறார்.

கையில் எடுத்தால் கனமே இல்லை.
பொரி என்று பெயர் வைத்தோம்.
கூப்பிட்டால் வருவதில்லை.
மூன்று வாரமாக ஒரு குரைப்பும் இல்லை.
காலை ஏழுக்கு நான் கதவைத் திறக்கும்போது மட்டும்
கதவிடுக்கில் ஒரு மூச்சு.
"ராத்திரி பூரா அங்கதான்.
நான் தூக்கிட்டுப் போனாலும் திரும்ப வந்துடுது"
என்கிறாள் தவமலர்,
தானும் தூங்காத கண்களோடு.

"காவல்னு போடுங்க அங்கிள்,
எல்லாரும் அதான் போடுவாங்க."
கவுண்டர்ப் பெண்ணுக்கு அவசரம்;
எனக்குப் பின்னால் வரிசை.
போட்டேன்.
யாருக்கு யார் என்று
பாரத்தில் கட்டம் இல்லை.

தகடு அவள் கழுத்துக்குப் பெரிது.
சோற்றுக் கிண்ணத்தில் பட்டுக் கிணுங்கியதும்
பாதிச் சோற்றில் கட்டிலடிக்கு ஓடிவிட்டாள்.
தவமலர் மருந்துப்பெட்டியைத் தேடி
பிளாஸ்டர் எடுத்து
முன்னும் பின்னும் ஒட்டினாள்.
இப்போது சத்தம் இல்லை.
எண்ணும் தெரியவில்லை.