ஆமைப்பூட்டு, காந்தம், வெறும் பெட்டி

கார்த்திகைக் கடைசியில்
பஸ் நிலையத்துக்குப் பின்னால் செத்துக்கிடந்தது
ஒரு பெட்டை மான்.
நகரசபை ட்ரக்டரில் ஏற்றியது நானும் ஞானப்பிரகாசமும்.
மிருக வைத்தியர் வயிற்றைக் கீறினார்.
பந்தாய்த் திரண்ட பொலித்தீன்.
அதற்குள்ளிருந்து இழுக்க இழுக்க வந்தது
ஒரு முழம் மினுங்கல் நாடா, சிவப்பு.
பரிசுப் பொதியில் பூவாய்ச் சுருட்டிக் கட்டுவார்களே, அது.
நிறம்கூடப் போகவில்லை.

யார் வீட்டு நாடா என்று யாருக்குத் தெரியும்.
போன நத்தாருக்கு
நானும் இரண்டு முழம் வாங்கினேன்.

மார்கழி பிறந்ததும் பட்டியல் வந்தது.
மெர்வினுக்கு ரிமோட் கார்.
பிரிசில்லாவுக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை.
சின்னவன் ஜோவினுக்கு இன்னும் எழுத்து வராது;
ஒரு வட்டம் கீறி உள்ளே புள்ளி வைத்திருந்தான்.
"இதென்னடா?"
"அது."

இந்தமுறை பிளாஸ்டிக் வேண்டாம் என்றேன் எமல்டாவிடம்.
சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்:
"மான் செத்ததுக்குப் பிள்ளையளுக்கோ தண்டனை?"
பதில் சொல்லாமல் மழைக்கோட்டைப் போட்டேன்.
அதுவும் பிளாஸ்டிக்தான்.

மத்திய வீதியில் மூன்று பின்னேரம் நடந்தேன்.
மரக் கார் இருந்தது, கொழும்பு விலையில்.
துணிப் பொம்மையை நசுக்கிப் பார்த்தேன்,
உள்ளே நைலோன் பஞ்சு.
முழுக்கக் காகிதம் என்று பெடியன் தூக்கிக் காட்டிய
புதிர்ப் பெட்டியில் மூன்று சுற்றுப் பொலித்தீன்.
"அண்ணை, என்னதான் தேடுறீங்க?"
ஜோவின் மாதிரித்தான் எனக்கும்.
அது என்று மட்டும் சொல்லத் தெரிந்திருந்தது.

பழைய இரும்புக் கடை நளீம் நானா
பெரிய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து
கரிய வளையக் காந்தத்தை மேசையில் வைத்தார்.
தராசுத் தட்டு தானாக நகர்ந்து வந்தது.
மெர்வினுக்கு.

பங்குனியில் ஒருநாள் பிரிசில்லா அழுதாள்:
இந்த வீட்டில எனக்கெண்டு ஒரு கதவு இருக்கா.
தகரப் பிஸ்கட் பேணிக்குக் கொண்டி வைத்து
பித்தளை ஆமைப்பூட்டு வாங்கினேன்.
திறப்பு இரண்டு.
இரண்டும் அவளுக்கே.

ஜோவினுக்கு, ஃபிறிஜ் வந்த வெறும் பெட்டி.
கடைப் பின்வாசலில் நின்று
செலோடேப்பை நகத்தால் உரித்தேன், ஒரு மணித்தியாலம்.
பின்களைக் குறட்டால் பிடுங்கினேன்.
இருபத்திமூன்றாம் திகதி, வானம் பிய்ந்து கொட்டுகிறது.
நனைந்தால் கூழ்.
குப்பை மூடும் நீலப் பொலித்தீன் படங்கால்
பெட்டியைச் சுற்றிக் கட்டி
டொக்யாட் வீதி வழியே கொண்டுவந்தேன்.
வாசலில் நின்று எமல்டா சிரித்த சிரிப்பில்
பக்கத்து வீட்டு இசையாஸ் மாஸ்டர்
குடையோடு வெளியே வந்தார்.

பூசை முடிந்து வந்து பிரித்தார்கள்.
பழைய பத்திரிகைத் தாள், சணல் கயிறு.
மெர்வின் காந்தத்தைப் புரட்டிப் பார்த்தான்.
"கார்?"
அவன் முகம் விழுந்தது.
உண்மையைச் சொன்னால் என்னுடையதும்.
பாலன் பிறந்த இரவு முழுக்க
ரிமோட் காரின் விலை
தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விடிந்தபோது பாயில் ஆளில்லை.
காந்தத்தைக் கயிற்றில் கட்டி
டச்பே மணலெல்லாம் இழுத்துத் திரிந்திருக்கிறான்.
பதினொரு ஆணி, ஒரு தூண்டில் முள், சோடா மூடிகள்,
எந்தக் கப்பலில் கழன்றதோ, துருப்பிடித்த நட்டு ஒன்று.
பின்னால் கூட்டாளிகள் நாலுபேர்.
"அப்பா, யோகட் கப்தான் கனக்கக் கிடக்கு.
அதை ஏன் இது இழுக்குதில்ல?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

பேணிக்குள் என்ன இருக்கிறதென்று
இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.
ஒரு திறப்பு அவள் கழுத்தில்.
மற்றதைப் பற்றிக் கேட்கக்கூடாது.

பெட்டி மூன்று நாள்
வீடாக இருந்தது, வள்ளமாக இருந்தது,
ஒரு பின்னேரம் ஜோவின் பூசை வைக்கும் கோயிலாகவும்.
நாலாம் நாள் வெளியே மறந்துவிட்டான்.
இரவெல்லாம் மழை.

காலையில் வேலியோரம் ஒரு மான்,
ஊறிய மட்டையின் மூலையை
ஆறுதலாகச் சப்பிக்கொண்டு.
துரத்த ஓடினேன். பாதியில் நின்றேன்.
டேப் இல்லை. பின் இல்லை.
தின்னட்டும்.

ஜோவின் என் காலைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.
அழப்போகிறான் என்று குனிந்தேன்.
மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது,
வட்டக் கண், உள்ளே ஒரு புள்ளி வெளிச்சம்.

"அது," என்றான்.