நூற்றுப் பதினேழாவது யானை

ஹாசனுக்கு மேற்கே ஏரிக்கரைக் கோயில்.
தொல்லியல் துறை ருத்ரமுனி
அடிவரிசை யானைகளை எண்ணிக்கொண்டு வருகிறான்.

நட்சத்திரமாய் மடிந்த சுவர்;
மூலைக்கு மூலை வெயில் ஒடிகிறது.
யானைக்கு மேல் குதிரை, குதிரைக்கு மேல் கொடி,
கொடிக்கு மேல் இராமன் மானின் பின்னே ஓடுகிறான்,
அதற்கும் மேல் அன்னங்கள்.
கனமெல்லாம் யானைக்கு.

நூற்றுப் பதினேழாவது:
தும்பிக்கை இருக்கிறது, நெற்றி இருக்கிறது.
பின்னால் வெறும் மாக்கல்.
கீழே பழங்கன்னடத்தில் ‘மசணோ’ என்று மட்டும்.
பெயரும் முடியவில்லை.

வெட்டியெடுத்த ஈரத்தில்
நகம் பட்டாலே பதியும் கல் இது.
காற்றைக் குடிக்கக் குடிக்க இறுகும்.
உளியை வைத்துவிட்டு எங்கே போனான்?
போரா, காய்ச்சலா, கூலித் தகராறா?
திரும்பி வந்து தட்டிப் பார்த்தானா,
கல் அவனை மறந்திருந்ததா?

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
முழுமை. சிதைவு. காணவில்லை.

ருத்ரமுனி பேனாவைக் கடிக்கிறான்.
எண்ணூறு வருடமாய் யானை
கல்லைவிட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது;
பின்கால்கள் இன்னும் உள்ளே.

நாலாவதாய் ஒரு கட்டம் போடுகிறான்,
ஸ்கேல் இல்லாமல், கோணலாக.
தலைப்பில் முதல் எழுத்தை எழுதும்போது
கைபேசி அடிக்கிறது:
பிள்ளைக்கு மறுபடி சுரம், உடனே வா.

பேனாவை மூடாமலே எழுந்து ஓடுகிறான்.